எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: அட்வான்ஸ் கட்டும் முன் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் செய்வது போனில் தேடுவதுதான். தேடிய இடத்தில் பெயரும் நம்பரும் கொடுத்துவிட்டால் போதும், சற்று நேரத்தில் அழைப்பு வந்துவிடும். பேசுபவர் மருத்துவர் அல்ல, ஆள் சேர்த்துவிடும் வேலையில் இருப்பவர். உயரமும் எடையும் கேட்பார், உடனே பேக்கேஜ் விலை சொல்வார். உங்கள் சர்க்கரை அளவு, நெஞ்செரிச்சல், தூக்கத்தில் மூச்சு அடைப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் உங்களுக்கு இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ‘ஸ்லீவ்’தான் என்று ஆபரேஷனையே முடிவு செய்திருப்பார்.

அந்த அழைப்பை அங்கேயே முடித்துவிட்டு வேறு வழியில் தொடங்குங்கள். என் அக்காவுக்காகச் சென்னையில் பல மருத்துவமனைகள் ஏறி இறங்கியதிலும், பிறகு இதே கேள்வியோடு வந்த சொந்தக்காரர்களுக்குத் துணையாகப் போனதிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கடுத்த இரண்டு வாரமும், அப்புறம் வருகிற பல வருடங்களும் அந்த மருத்துவர் உங்களுக்குக் கிடைப்பாரா, அந்த மருத்துவமனை தாங்குமா என்பதை வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் உங்கள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்தால் வருவது பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமும் 98 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 38.3. 1991-இல் அமெரிக்காவில் வகுத்த அளவுகோல்படி பிஎம்ஐ 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோயும் இருந்தால்தான் இந்த அறுவை சிகிச்சை. 2022-இல் உடல்பருமன் அறுவை மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்சோவும் அவர்களின் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து இதைத் தளர்த்தின: 35-க்கு மேல் வேறு நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30-லிருந்தே யோசிக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் 27.5-இலிருந்தே பரிசீலிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது.

இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், உங்கள் பிஎம்ஐ 26 ஆக இருந்து, சர்க்கரையும் இல்லாமல் இருந்தும், “செஞ்சுடலாம், சின்ன ஆபரேஷன்தான்” என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். 2025 மார்ச்சில், சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்தபின் நிலைமை இன்னும் மாறிவிட்டது. உங்களுக்கு ஊசியே போதுமா, ஆபரேஷன்தான் வேண்டுமா, முதலில் ஒன்று அப்புறம் மற்றொன்றா என்று நல்ல அறுவை மருத்துவர் தானாகவே பேசுவார். சில பேரை “இப்ப வேண்டாம்” என்று திருப்பி அனுப்பவும் செய்வார். அப்படித் திருப்பி அனுப்புகிறவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

பெயர்களைச் சேர்ப்பது

விளம்பரத்தை விட்டுவிட்டு, உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடம் வரும் நோயாளிகளில் சிலர் ஏற்கெனவே இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களாக இருப்பார்கள். யாருடைய நோயாளிகள் ஐந்து வருடம் கழித்தும் நன்றாக இருக்கிறார்கள், யாருடைய நோயாளிகள் சத்துக் குறைவோடு வந்து நிற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்த மயக்க மருத்துவரோ, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸோ இருந்தால் இன்னும் நல்லது. “உங்க வீட்டு ஆளுக்குன்னா யார்கிட்ட போவீங்க?” என்று மட்டும் கேளுங்கள்.

கிடைத்த பெயர்களைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் போட்டுப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் அந்த மாநிலக் கவுன்சிலில் பாருங்கள். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை அல்லது அதற்கு இணையான டி.என்.பி. அவசியம். எம்.சிஎச். குடல் அறுவை சிகிச்சை இருந்தால் அது கூடுதல் மூன்று வருடப் படிப்பு. எஃப்.என்.பி. என்பது தேர்வெழுதி இடம் பிடித்துப் படிக்கும் முழுநேரப் பயிற்சி. இவற்றைத் தவிர, சில நாள் வகுப்பும் ஒரு தேர்வும் முடித்து வாங்கும் ஃபெல்லோஷிப்களும் உண்டு. அவை கெட்டவை அல்ல, ஆனால் அதை மட்டும் வைத்து அனுபவத்தை எடை போட முடியாது. ஓஸ்ஸி எனப்படும் இந்திய உடல்பருமன் அறுவை சிகிச்சைச் சங்கத்தில் உறுப்பினரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இத்துறையில்தான் இருக்கிறார் என்பதற்கு அது அடையாளம், கைத்திறனுக்குச் சான்று அல்ல.

கைத்திறனைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டவிட்டு இணைக்கும் ‘பைபாஸ்’ ஆபரேஷன் செய்யும் 20 அறுவை மருத்துவர்கள் ஆளுக்கொரு ஆபரேஷன் வீடியோவைக் கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமலே சக மருத்துவர்கள் அவற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்திருந்தது. முதல் கால்பங்கில் வந்தவர்களிடம் அது 5.2 விழுக்காடுதான். எத்தனை வருட அனுபவம், எங்கே பயிற்சி, கல்லூரி மருத்துவமனையா இல்லையா என்பதற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. வருடத்துக்கு எத்தனை ஆபரேஷன் செய்கிறார் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது.

அதனால் “எத்தனை வருஷமா செய்றீங்க?” என்பதைவிட “போன வருஷம் எத்தனை செஞ்சீங்க?” என்ற கேள்வி பயன்படும். அமெரிக்காவில் இத்துறைக்கான முழு அங்கீகாரம் பெற ஒரு மையம் வருடத்துக்குக் குறைந்தது 50 ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது விதி. நம் ஊருக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கட்டும். குடலிறக்கம், பித்தப்பை, மூலம் எல்லாம் செய்துகொண்டே மாதத்துக்கு ஒன்று இதையும் செய்கிறவர், அவற்றில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், உங்களுக்கு உகந்தவர் அல்ல.

மருத்துவரோடு சேர்த்து மருத்துவமனையையும் பாருங்கள்

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். இருபதுகளில் இருந்தவர். மக்கள் நல்வாழ்வுத் துறை விசாரணை நடத்தியது. அவசர நிலையைச் சமாளிக்கப் போதிய வசதிகள் அங்கே இல்லை என்று சொல்லி அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, “எந்த ஆஸ்பத்திரியில செய்யப் போறாங்க?” என்பதைத்தான்.

நம் ஊரில் ஒரே மருத்துவர் மூன்று நான்கு மருத்துவமனைகளில் ஆபரேஷன் செய்வார். பெரிய மருத்துவமனையில் அவரைப் பார்த்திருப்பீர்கள். பணம் கட்டுப்படியாகாது என்றதும் “அதே டாக்டர்தான், வேற எடத்துல செஞ்சா பாதிதான் ஆகும்” என்று சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எடை கூடிய உடலுக்கு மயக்கம் கொடுத்துச் சுவாசக் குழாய் இறக்குவதே சிரமமான வேலை. அதில் பழகிய மயக்க மருத்துவர் வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சு அடைத்தால் பார்க்க, இரவிலும் விழித்திருக்கும் ஐசியு வேண்டும். ரத்தம் கசிந்தால் உடனே மறுபடி தியேட்டரைத் திறக்க ஆட்கள் வேண்டும், ரத்த வங்கி வேண்டும், சிடி ஸ்கேன் அதே கட்டடத்தில் வேண்டும். 150 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் ஆபரேஷன் மேசையும் ஸ்கேன் மேசையும் எவ்வளவு எடை தாங்கும் என்றே கேட்டுவிடலாம், தப்பில்லை.

இவற்றை நேரில் போய்ப் பாருங்கள். ஐசியுவில் இரவு பணி மருத்துவர் யார், அங்கேயே தங்குகிறாரா, போனில் கூப்பிட்டால் வருபவரா என்று கேளுங்கள். மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஎச் சான்று இருந்தால் அது முழு அங்கீகாரமா, நுழைவுநிலைச் சான்றா என்று பாருங்கள். வாசலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மாட்டியிருக்கும்.

பணம்தான் தடை என்றால் சின்ன மருத்துவமனையைத் தேடுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் ஐசியுவும் ரத்த வங்கியும் அங்கே இல்லாமல் போகாது.

மருத்துவர் முன்னால் உட்காரும்போது

குறைந்தது இரண்டு பேரிடமாவது ஆலோசனை கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

முதல் கவனிப்பு: நீங்கள் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் எவ்வளவு கேட்கிறார்? அக்காவை அழைத்துப் போன ஓர் இடத்தில் ஸ்லீவுக்கான விலைப்பட்டியல் ஏற்கெனவே தயாராக இருந்தது. அடுத்த இடத்தில் இருந்த மருத்துவர் வயதானவர். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு இரைப்பையை வரைந்துகொண்டே, “ஏம்மா, ராத்திரி படுத்தா எதுக்களிக்குதா?” என்றார். “ஆமா டாக்டர், ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுப்பேன்” என்றாள் அக்கா. அவர் வரைவதை நிறுத்திப் பேனாவை மூடினார். “அப்ப எண்டோஸ்கோபி பாக்காம நான் எந்த ஆபரேஷனும் சொல்ல முடியாது.” பார்த்ததில் உணவுக்குழாயின் அடியில் புண் இருந்தது, இரைப்பையின் மேல்பகுதி மேலே ஏறியும் இருந்தது. கடைசியில் அக்காவுக்குச் செய்தது பைபாஸ்.

காரணம் இதுதான். ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய 75 முதல் 80 விழுக்காட்டை நீளவாக்கில் வெட்டி எடுத்து, மீதியை ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாயாக்கி விடுகிறார்கள். குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் ஏற்கெனவே எதுக்களிப்பு இருப்பவர்களுக்கு அது மோசமாகலாம். பைபாஸில் அந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும், சர்க்கரைக்கும் அது நல்ல பலன் தரும். ஆனால் அதற்கு விட்டமின் மாத்திரைகளை ஆயுளுக்கும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். மூட்டு வலிக்கு நாமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளையும் புகைபிடிப்பதையும் விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் குடல் இணைத்த இடத்தில் புண் வரலாம். குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் ‘மினி பைபாஸ்’ என்பதில் குடலை எவ்வளவு நீளம் தாண்டவிடுகிறார்கள் என்பது முக்கியம். நீளம் கூடினால் எடை இறங்கும், கூடவே புரதமும் இறங்கும். பால், பருப்பு மட்டுமே சாப்பிடும் சைவக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பேசிவிட வேண்டும்.

ஆகவே “ஏன் எனக்கு இது, ஏன் மற்றது இல்லை?” என்று கேளுங்கள். பதிலில் உங்கள் பரிசோதனை முடிவுகள் வர வேண்டும். “நான் எல்லாருக்கும் இதுதான் செய்வேன்” என்பவருக்கு ஒரே ஆபரேஷன்தான் கைவசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ரோபோ வைத்துச் செய்வதாகச் சொல்லிக் கூடுதல் லட்சம் கேட்டால் தயங்காமல் காரணம் கேளுங்கள். பழகிய கையில், சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் சாதாரண லேப்ராஸ்கோபியே போதும்.

எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி, தைராய்டு, இரும்புச்சத்து, பி12, விட்டமின் டி, குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை, மனநல மருத்துவரோடு ஒரு பேச்சு, டயட்டீஷியனோடு ஒரு பேச்சு. இவ்வளவையும் கேட்கிறவர் பணம் பிடுங்குவதாக நினைத்துவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடச் சொல்வதும் அப்படித்தான். கல்லீரலில் படிந்த கொழுப்பு அதில் சுருங்கும், கேமராவுக்கு வழி கிடைக்கும். “நாளன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க” என்கிற இடத்தில் இதற்கெல்லாம் நேரமே இருக்காது.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி

பெரும்பாலானோர் கேட்காமல் வருவது இதைத்தான்: “உங்க பேஷன்ட்ல யாருக்காவது லீக் வந்திருக்கா? என்ன பண்ணீங்க?”

இரைப்பையை ஸ்டேப்ளரால் வெட்டித் தைத்த கோட்டில் எங்காவது ஓட்டை விழுந்து உள்ளே கசிவதுதான் லீக். ஸ்லீவில் அது பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் சேரும் இடத்தருகே வரும். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வரக்கூடியது. வந்தால் உயிருக்கே ஆபத்து, சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். பெரிய கஷ்டம் என்னவென்றால், இது ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு மூன்று நாளில் வராமல் வீட்டுக்குப் போன பிறகும் வரலாம். வயிற்று வலி லேசாகவே இருக்கலாம். நாடித்துடிப்பு 120-க்கு மேல் நிற்காமல் ஓடும், காய்ச்சல் அடிக்கும், இடது தோளில் வலிக்கும், காரணம் தெரியாத படபடப்பு இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் கேஸ் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுப்பார்கள்.

நாங்கள் கேட்டபோது ஒரு மருத்துவர், “எனக்கு ஒருத்தருக்கும் வந்ததில்ல” என்று சிரித்தார். இன்னொருவர் சொன்னார்: “வந்திருக்கு. ஒரு அம்மா ஒன்றரை மாசம் இங்கேயே இருந்தாங்க. சிடி எடுத்தோம், திரும்ப லேப்ராஸ்கோபி பண்ணிக் கழுவி டியூப் வெச்சோம், எண்டோஸ்கோபி வழியா ஸ்டென்ட் போட்டோம், குடல்ல குழாய் வெச்சு சாப்பாடு கொடுத்தோம். இப்ப நல்லா இருக்காங்க.” நான் இரண்டாவது மருத்துவரைத்தான் நம்புவேன். நிறைய ஆபரேஷன் செய்கிற எவருக்கும் ஒன்றிரண்டாவது வந்தே தீரும். வந்ததே இல்லை என்றால் செய்தது குறைவு, அல்லது வந்தவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

இதன் தொடர்ச்சியாக மூன்று கேள்விகள். பத்தாம் நாள் நடுராத்திரியில் காய்ச்சல் வந்தால் நான் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், எடுப்பவர் யார்? மறுபடி அட்மிட் ஆனால் அந்தச் செலவு பேக்கேஜில் உண்டா? நீங்கள் வெளிநாடு போயிருந்தால் யார் பார்ப்பார்? கொடுத்த எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்கிறார்களா, எடுத்தவருக்கு விஷயம் தெரிகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

திருநெல்வேலியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ சென்னைக்கு வந்து செய்பவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து விமானமேறி வருபவர்கள், டிஸ்சார்ஜ் ஆன கையோடு ஊருக்குக் கிளம்பாதீர்கள். முதல் இரண்டு வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கும் செலவையும் சேர்த்துத்தான் ஆபரேஷன் செலவைக் கணக்கிட வேண்டும். அதற்குப் பணம் போதாது என்றால், சற்றுக் குறைந்த பெயரோடு உங்கள் ஊருக்கு அருகில், மதுரையிலோ கோவையிலோ இருக்கும் நல்ல மருத்துவர் மேல்.

பழைய நோயாளிகளோடு பேச வேண்டும் என்று கேளுங்கள், நல்ல இடங்களில் சம்மதம் கேட்டுப் பேச வைப்பார்கள். ஆறு மாதம் ஆனவரைக் காட்டினால், நான்கைந்து வருடம் ஆனவர் வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் ஒன்றரை வருடம் ஏறக்குறைய எல்லாருக்கும் எடை இறங்கும். முன்-பின் போட்டோ எல்லாம் அந்தக் காலத்தில் எடுத்ததுதான். அதன்பின் எடை திரும்புகிறதா, முடி கொட்டினபோதும் வாந்தி நிற்காதபோதும் டயட்டீஷியன் போனை எடுத்தாரா, வருடாந்திர ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்களா என்பதைப் பழையவர்கள்தான் சொல்ல முடியும். வாந்தி நிற்காமல் போவதைச் சாதாரணமாக விடக் கூடாது. பி1 விட்டமின் இறங்கி நரம்பையும் மூளையையும் பாதிக்கும் அளவுக்குப் போகும். அதை அறிந்த குழு வேண்டும்.

பணமும் இன்சூரன்ஸும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிப்படி மருத்துவக் காப்பீட்டில் இந்த அறுவை சிகிச்சைக்கு வழி உண்டு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 என்றால் கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் போன்றவை கூட இருக்க வேண்டும், மற்ற முறைகளில் எடை குறையாமல் போயிருக்கவும் வேண்டும். காத்திருப்புக் காலம் பாலிசிக்குப் பாலிசி மாறும். உங்கள் எடையைக் கூட்டி எழுதி க்ளெய்ம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். க்ளெய்ம் தள்ளுபடியாவது ஒரு பக்கம், உங்கள் மருத்துவக் கோப்பில் பொய் எழுதத் தயங்காதவர் கையில் வயிற்றைக் கொடுப்பது இன்னொரு பக்கம்.

பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். செலவில் கணிசமான பங்கு ஸ்டேப்ளருக்கும் அதில் போடும் கார்ட்ரிட்ஜ்களுக்கும் போகிறது. ஒரு ஸ்லீவுக்கே ஐந்தாறு கார்ட்ரிட்ஜ் ஆகும். விலை மிகக் குறைவாகச் சொன்னால், ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய ஸ்டேப்ளரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துகிறார்களா என்று நேராகவே கேளுங்கள். “இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டா டிஸ்கவுண்ட்” என்ற பேச்சு எழுந்தால் அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

முடிவெடுத்த பிறகு

சம்மதப் படிவத்தை ஆபரேஷன் அன்று காலையில் நீட்டுவார்கள். முந்தைய நாளே தமிழில் கேட்டு வாங்கி, வீட்டார் எல்லாரும் படியுங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவரின் பெயரும், செய்யப்போகும் ஆபரேஷனின் பெயரும் அதில் இருக்க வேண்டும். முக்கியமான கட்டங்களை அவரே செய்வாரா, பயிற்சியில் இருப்பவர் செய்வாரா என்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மயக்க மருத்துவர் முதல் நாளே வந்து பார்த்திருக்க வேண்டும். சர்க்கரைக்கோ எடைக்கோ வாராந்திர ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரைப்பை காலியாகத் தாமதமாவதால் மயக்கம் கொடுக்கையில் ஆபத்து உண்டு.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பைபாஸ் என்றால் குடலை எத்தனை சென்டிமீட்டர் தாண்டவிட்டார்கள் என்று அதில் இருக்க வேண்டும். பயன்படுத்திய ஸ்டேப்ளர், கார்ட்ரிட்ஜ் உறைகளிலிருந்து எடுத்த ஸ்டிக்கர்கள் கோப்பில் ஒட்டியிருக்க வேண்டும். அவற்றைப் போனில் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். பல வருடம் கழித்து வேறு ஊரில் வயிற்று வலியென்று போய் நின்றாலும், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.